கூப்பனுக்குள் ஒளிந்திருக்கும் 54 வெள்ளி

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, மளிகைச் சாமான் வாங்கப் பேரங்காடிக்குச் சென்றேன். கைப்பேசிச் செயலியில் ஒரு கூப்பன் இருந்தது: 60 வெள்ளிக்கு வாங்கினால் 6 வெள்ளி கழிவு. பட்டியலில் இருந்த அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை எல்லாம் சேர்ந்து 48 வெள்ளிதான் ஆனது. இன்னும் 12 வெள்ளிக்கு எதையாவது எடுத்தால் கூப்பன் செல்லுமே என்று பிஸ்கட், உருளைக்கிழங்கு வறுவல், பழச்சாறு என்று தள்ளுவண்டியை நிரப்பினேன். ரசீதின் அடியில், நான் 6 வெள்ளி மிச்சப்படுத்தியதாக அச்சாகியிருந்தது.

உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள் ரசீதை வாங்கிப் பார்த்தாள். "அப்பா, 48 வெள்ளிக்குப் போயிட்டு 54 வெள்ளி கொடுத்துட்டு வந்திருக்கீங்க. மிச்சம் எங்கே இருக்கு?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல ஒரு தாளும் பென்சிலும் தேவைப்பட்டன. நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கூப்பனில் கண்ணுக்குத் தெரியும் எண்கள் 60, 6 ஆகிய இரண்டுதான். ஆனால் முக்கியமான எண் மூன்றாவது ஒன்று: 60 − 6 = 54. கூப்பனைப் பயன்படுத்தினால் நீங்கள் கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகை அது.

உங்களுக்கு உண்மையிலேயே தேவையான பொருள்களின் விலை 58 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 2 வெள்ளிக்கு ஒரு ரொட்டி எடுத்தால் கட்டவேண்டியது 54 வெள்ளிதான். ரொட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டால்கூட 4 வெள்ளி லாபம். ஆகவே தேவை 54-க்கும் 60-க்கும் இடையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், 60 வரை நிரப்பிவிடலாம்.

தேவை 54-க்குக் கீழே போனால் கணக்கு மாறுகிறது. என் 48 வெள்ளியில், நான் கூடுதலாகக் கொடுத்தது 6 வெள்ளி. அதற்குக் கிடைத்தது 12 வெள்ளிப் பொருள். அந்த 12 வெள்ளிக்கு அடுத்த வாரம் எப்படியும் வாங்கவேண்டிய சலவைத்தூளை எடுத்திருந்தால் அது பாதி விலைக்குக் கிடைத்ததாக அர்த்தம். நான் எடுத்ததோ வறுவல். யாரும் கேட்காத பொருளுக்கு 6 வெள்ளி செலவு. தேவை வெறும் 20 வெள்ளி என்றால் இன்னும் மோசம்: 40 வெள்ளிப் பொருளுக்காகக் கூடுதலாக 34 வெள்ளி கொடுக்கிறீர்கள். கழிவு 15 விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது.

சரி, கடைக்காரர் ஏன் கூப்பன் தருகிறார்? விலையையே குறைத்துவிடலாமே? இது பழைய உத்தி. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் கொக்கோ-கோலா நிறுவனம் ஒரு குவளை பானத்தை இலவசமாகத் தரும் சீட்டுகளை விநியோகித்தது. புதிய பானத்தைச் சுவைத்துப் பார்த்தவர்கள் பிறகு காசு கொடுத்து வாங்கினார்கள். இன்றைய கூப்பன் வேறொரு வேலையும் செய்கிறது. அது ஒரு சல்லடை. விலையை எல்லாருக்கும் குறைத்தால், முழு விலை கொடுக்கத் தயாராக இருப்பவரிடமிருந்தும் குறைந்த பணமே வரும். கூப்பன் என்றால் அதைத் தேடவேண்டும், பதிவிறக்கவேண்டும், காலாவதியாகும் முன் நினைவில் வைத்துக் காட்டவேண்டும். விலையைப் பற்றிக் கவலைப்படுபவர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வார். அவசரத்தில் இருப்பவர் முழு விலை கொடுத்துவிட்டுப் போவார். பொருளியலில் இதற்கு விலைப் பாகுபாடு என்று பெயர். திரையரங்கில் நீங்கள் வாங்கும் மாணவர் கட்டணச் சீட்டும் இதே வகைதான்.

சல்லடை ஒரு பக்கம் இருக்க, நம் மூளையும் கடைக்காரருக்குக் கொஞ்சம் உதவுகிறது. உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1981-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி வருகிறது. 15 டாலர் கணிப்பான் ஒன்று, காரில் 20 நிமிடத் தொலைவில் உள்ள கிளையில் 10 டாலருக்குக் கிடைக்கிறது, போவீர்களா? 68 விழுக்காட்டினர் போவதாகச் சொன்னார்கள். வேறொரு குழுவிடம் அதே கணிப்பானின் விலை 125 டாலர், அந்தக் கிளையில் 120 டாலர் என்று சொல்லப்பட்டது. போவதாகச் சொன்னவர்கள் 29 விழுக்காட்டினர் மட்டுமே. இரண்டிலும் மிச்சமாவது அதே 5 டாலர், பயணமும் அதே 20 நிமிடம்! நாம் பணத்தை எண்ணுவதில்லை, விகிதத்தை எண்ணுகிறோம். "50% கழிவு" என்ற சிவப்பு எழுத்து நம்மை இழுப்பது இதனால்தான், மிச்சமாவது 40 காசாக இருந்தாலும்.

இதற்கு எதிராக நம்மிடம் உள்ள கருவி அலகு விலை. பேரங்காடிகள் பலவற்றில் விலைச்சீட்டின் ஓரத்தில், 100 கிராமுக்கு இவ்வளவு, ஒரு லிட்டருக்கு இவ்வளவு என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் விலையை அளவால் வகுத்துக்கொள்ளுங்கள். பிரபல நிறுவனத்தின் 2 லிட்டர் எண்ணெய் 8.40 வெள்ளி, அதற்கு 1.50 வெள்ளி கூப்பன் இருக்கிறது என்போம். கழித்தபின் லிட்டர் 3.45 வெள்ளி. கீழ்த்தட்டில் கடையின் சொந்த முத்திரை எண்ணெய் கூப்பன் இல்லாமலே 2 லிட்டர் 6.20 வெள்ளி என்றால், லிட்டர் 3.10 வெள்ளிதான். கடைக்குக் கடை ஒப்பிட, சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் 'பிரைஸ் காக்கி' செயலி உதவும்.

உங்கள் வீட்டுக்கு வரும் சிடிசி பற்றுச்சீட்டுகளை இந்தக் கூப்பன்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 60 வெள்ளிக்கு வாங்கு என்ற நிபந்தனை எதுவும் அவற்றில் இல்லை. கிட்டத்தட்ட ரொக்கம் மாதிரிதான். ஆனால் மீதிச் சில்லறை கிடைக்காது. 7.30 வெள்ளி ரசீதுக்கு 10 வெள்ளிப் பற்றுச்சீட்டைக் காட்டினால் 2.70 வெள்ளி போய்விடும். 5 வெள்ளி ஒன்றும் 2 வெள்ளி ஒன்றும் காட்டிவிட்டு, 30 காசைக் கையிலிருந்து கொடுங்கள். பாட்டிக்கு இதைச் செய்து கொடுக்க வீட்டில் யாராவது ஒருவர் வேண்டும், நீங்களாக இருக்கலாம்.

கடைசியாக, என் மகள் எனக்குக் கொடுத்த கணக்கு. 50 வெள்ளி ரசீதுக்கு இரண்டு கூப்பன்கள்: ஒன்று 10 விழுக்காடு கழிவு, மற்றது 5 வெள்ளி கழிவு. எதை முதலில் கழித்தால் நமக்கு லாபம்? நான் இரண்டும் ஒன்றுதான் என்றேன். முதலில் 10 விழுக்காட்டைக் கழித்தால் 45 வெள்ளி, பிறகு 5 போக 40 வெள்ளி. வரிசையை மாற்றினால் 45 வெள்ளியில் 10 விழுக்காடு போக 40.50 வெள்ளி. அந்த 50 காசு எங்கே போனது என்று கண்டுபிடித்தால், ரசீதின் தொகை எதுவாக இருந்தாலும் வித்தியாசம் ஏன் அதே 50 காசாகவே இருக்கும் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.