திரும்புவதில் வெட்கமில்லை

குளிர் கூடினால் நாம் சன்னலைச் சாத்திவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொள்கிறோம். வட ஐரோப்பாவிலுள்ள நார்வே நாட்டு மக்களோ அப்போதுதான் வீட்டைவிட்டு வெளியே கிளம்புகிறார்கள்! 'ஸ்கீ' எனப்படும் நீண்ட சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, வெண்பனி மூடிய மலைகளில் நாட்கணக்கில் உலாவி வருவது அவர்களுடைய இனிய பொழுதுபோக்கு. பெரிய வியாழன் முதல் ஈஸ்டருக்கு அடுத்த திங்கள் வரை அங்கே விடுமுறை உண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் உயர்ந்த இடங்களில் பனி உருகாது கிடக்கும். ஆதலால் அந்நாட்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் மலைக்குப் புறப்பட்டுவிடுவார்கள்.

அவர்களுடைய பையில் ஆரஞ்சுப் பழமும் 'குவிக் லுன்ஷ்' என்னும் சாக்லேட்டும் தவறாமல் இருக்கும். அந்தச் சாக்லேட்டைச் சுற்றியிருக்கும் தாளின் உட்புறத்தில் ஒன்பது விதிகளை அச்சிட்டு வந்திருக்கிறார்கள். தின்பண்டத்தின் தாளில் விதிகள் எதற்கு என்று நமக்கு வியப்பாக இருக்கிறதல்லவா? அதன் பின்னே ஒரு துயரக் கதை உண்டு.

விதிகள் பரவிய வரலாறு

1967-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் நார்வே மலைகளுக்குச் சென்றவர்களில் 18 பேர் உயிரிழந்தனர். மகிழ்ந்து வரப் போனவர்கள் திரும்பாததைக் கண்டு நாடே கலங்கியது. செஞ்சிலுவைச் சங்கமும், 1868-இல் தொடங்கப்பட்ட நார்வே மலைப்பயணச் சங்கமும் கைகோத்துப் பெரியதோர் அறிவுறுத்தல் இயக்கத்தை நடத்தின. 1950-களிலேயே வகுக்கப்பட்டிருந்த மலை விதிகள் அதன்பின் வீடுதோறும் பரவின. 2016-இல் அவற்றைக் காலத்துக்கேற்பத் திருத்தி அமைத்தார்கள்.

மலைக்குப் போகாதீர்கள் என்று அவ்விதிகளில் ஒன்றுகூடச் சொல்லவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். போங்கள், ஆனால் ஆயத்தத்தோடு போங்கள் என்றே அவை சொல்கின்றன.

ஆயத்தம் போதாவிட்டால் வீரரும் வீழ்வர். 1896 ஜனவரியில் 23 வயது இளைஞரான ரோல்ட் ஆமுண்ட்சென், தம் அண்ணன் லியோனுடன் தெற்கு நார்வேயிலுள்ள ஹர்தாங்கர்விட்டா என்னும் பீடபூமியைக் கடக்க முயன்றார். மரமே இல்லாத பெருவெளி அது. புயலில் சிக்கி, வழி தவறி, உணவையும் இழந்தார்கள். ஓர் இரவு ஆமுண்ட்சென் பனியில் குழி தோண்டிப் படுத்தார். விழித்தபோது சுற்றிலும் பனி இறுகி, அசைய முடியாமல் கிடந்தார். அண்ணன்தான் தோண்டி எடுத்து உயிரைக் காத்தார்.

குளிர் எவ்வாறு தாக்குகிறது?

நம் உடலின் வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. அவ்வெப்பத்தைக் கொள்ளையிடும் திருடர்கள் இருவர். ஒருவன் காற்று. பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி குளிரில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி போலத் தோல் உணரும். மற்றவன் ஈரம். காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்திவிடும். மழையால் வந்த ஈரமானாலும், நம் வேர்வையால் வந்த ஈரமானாலும் கேடு ஒன்றே.

ஆகவே ஒரே தடித்த சட்டையைவிட மூன்று அடுக்கு உடையே சிறந்தது. உடலோடு ஒட்டி மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத அங்கி. அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்றே வெப்பத்தைக் காக்கிறது. நமக்குப் பழக்கமான பருத்தித் துணி அங்கே உதவாது. அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடலைக் குளிரச் செய்யும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்புத் தரும். வேர்க்கத் தொடங்குமுன் ஓர் அடுக்கைக் கழற்றுவதும், நிற்கும்போது உடனே அணிவதும் அனுபவசாலிகளின் வழக்கம்.

வீட்டிலேயே செய்ய வேண்டியவை

ஒன்பது விதிகளில் பெரும்பகுதி புறப்படுமுன் செய்ய வேண்டிய வேலைகளே. எவ்வழியாகச் செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். மலை விடுதிகளிலுள்ள பதிவேட்டில் பெயரையும் அடுத்துச் செல்லும் இடத்தையும் எழுதுவது அங்கே வழக்கம். ஒருவர் காணாமற்போனால், எங்கே தேடுவது என்பதை அந்த ஒரு வரி காட்டிவிடும்.

வழியைத் தெரிந்தெடுக்கும்போது கூட்டத்தில் மிகவும் வலிமை குறைந்தவரை மனத்தில் கொள்ள வேண்டும். வானிலை அறிக்கையையும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். சுமார் 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவுகளில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் புறப்படுகின்றன. ஆகையால் அத்தகைய சரிவுகளையும் அவற்றின் அடிவாரத்தையும் விலக்கிச் செல்வது நல்லது.

பையில் வரைபடம், திசைகாட்டி, டார்ச் விளக்கு, தீப்பெட்டி, பிளாஸ்கில் சூடான பானம், மிகுதியான உணவு, மாற்றுக் கையுறை, காற்றைத் தடுக்கும் பெரிய துணிப்பை, பனி அள்ளும் சிறு மண்வாரி ஆகியவை வேண்டும். இன்று எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறதே என்று நாம் எண்ணலாம். குளிரில் அதன் மின்கலம் விரைவில் சோர்ந்துவிடும்; மலைகளில் பல இடங்களில் தொடர்பும் கிடைக்காது. ஆகவே அதை உடைக்குள் கதகதப்பாக வைத்திருந்தாலும், தாளில் அச்சிட்ட வரைபடத்தையும் மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும். வழியில் வலிமை தீருமுன் ஓய்வெடுப்பதும், தேவையானால் பனியைத் தோண்டி ஒதுங்குவதும் கடைசி விதி. பனிக்குள்ளே காற்று அடைபட்டிருப்பதால், நன்கு அமைத்த பனிக்குழியின் உட்புறம் வெளியிலிருக்கும் கடுங்குளிரைவிடக் கதகதப்பாக இருக்கும்.

எட்டாவது விதி

எல்லாவற்றிலும் நம் நெஞ்சைத் தொடுவது எட்டாவது விதி. நேரத்தோடு திரும்பிவிடுங்கள், திரும்புவதில் வெட்கமில்லை என்பதே அது. மலை விதியில் வெட்கத்துக்கு என்ன வேலை?

குளிர் முதலில் நடுக்கத்தைத் தரும். பிறகு கால் தடுமாறும், பேச்சுக் குழறும். அதோடு நிதானமும் மங்கிவிடும். தாம் நலமாக இருப்பதாகவே அவர் எண்ணிக்கொண்டிருப்பார். சரியான முடிவு மிகவும் தேவைப்படும் நேரத்தில், முடிவு செய்யும் ஆற்றலே குறைந்துபோகிறது. அதனால் திரும்ப வேண்டிய நேரத்தை வீட்டில், தெளிந்த மனத்தோடு, முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். "இரண்டு மணிக்குள் கணவாயை எட்டாவிட்டால் திரும்புவோம்" என்று பேசி வைத்த ஒரு சொல், கம்பளி உடையைப் போலவே உயிர் காக்கும்.

அப்படியிருந்தும், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே", "பிறர் என்ன நினைப்பார்கள்" என்ற எண்ணம் காலைப் பிடித்து முன்னே இழுக்கும். களைத்துப்போன சிறுமி ஒருத்தி, தன்னால் எல்லோரும் திரும்ப நேருமே என்று வாய் திறவாமல் நடப்பாள். அவள் தயங்காமல் பேசுவதற்காகவே வெட்கம் என்ற சொல் அவ்விதியில் இடம்பெற்றிருக்கிறது.

திரும்புவது தோல்வியாகாது என்பதற்கு ஆமுண்ட்செனே சான்று. 1911 செப்டம்பரில் அவர் தென்துருவத்தை நோக்கிப் புறப்பட்டார். பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரியையும் தாண்டிய குளிர் வாட்டவே, முகாமுக்குத் திரும்பிவிட்டார். குறைகளைச் சரிசெய்துகொண்டு அக்டோபரில் மீண்டும் புறப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள், மனிதருள் முதன்முதலாகத் தென்துருவத்தை அடைந்தது அவரது குழுவே.

பனிமலைக்கு நாம் போனாலும் போகாவிட்டாலும் பயணங்கள் நமக்கும் உண்டு. அவற்றில் நம்முள் ஒருத்தி, "போதும், திரும்பிவிடலாம்" என்று சொல்லும்போது அவளைக் கேலி செய்யாமல் செவிசாய்ப்போம். சென்றவர் அனைவரும் நலமாக வீடு வந்து சேர்ந்த பயணமே வெற்றிப் பயணம்.