அடிப்பரப்பு பெருக்கல் உயரம்: கடைக்காரருக்கு உதவும் பள்ளிக் கணக்கு

நம் பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தில் 'பட்டகத்தின் கன அளவு காண்க' என்று ஒரு கேள்வி வரும். அடிமுகமும் மேல்முகமும் ஒரே அளவாக, நடுவில் எங்கும் குறுகாமலும் பருக்காமலும் நேராக நிற்கும் உருவமே பட்டகம். எண்ணெய் டின், சோப்புப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பட்டகங்களே. விதி ஒன்றுதான்: அடிப்பரப்பை உயரத்தால் பெருக்க வேண்டும். உருளையான படிக்கும் இதே விதிதான்.

எட்டுப் படி ஒரு மரக்கால் என்று நம் முன்னோர் அளந்தது கன அளவைத்தான். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் படி போய் கிலோ வந்தது. இனி எடை தெரிந்தால் போதும் என்று நம்மில் பலர் இருந்துவிட்டோம். அது சரியல்ல என்பதற்குச் சில உதாரணங்கள் சொல்கிறேன்.

எண்ணெய் டின்

டின்னின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும், கிலோ கிடைக்காது. சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான். ஆகவே 15 லிட்டர் டின்னில் ஏறக்குறைய 13 கிலோ 650 கிராம் இருக்கும். 15 கிலோ டின்னில் சுமார் 16½ லிட்டர் இருக்கும். இரண்டையும் ஒன்றாக எண்ணி விலை போட்டால் டின்னுக்கு 1,350 கிராம் நஷ்டம்.

எண்ணெய் சூட்டில் விரியும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். 15 லிட்டருக்கு இந்த வித்தியாசம் 400 கிராம் அளவுக்கு வரும். இதனால்தான் 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் லிட்டர் அளவோடு எடையையும் அச்சிடும்படி எண்ணெய் நிறுவனங்களுக்குச் சொல்லியது. சரக்கு இறக்கும்போது இரண்டு எண்களையும் பாருங்கள்.

சுவரோரக் குவியல்

குடோனில் வெங்காயத்தையோ தானியத்தையோ சுவரோரம் சாய்வாகக் கொட்டி வைத்தால் அது முக்கோணப் பட்டகம். நீளம் 10 அடி, தரையில் பரவல் 6 அடி, சுவரில் உயரம் 4 அடி என்றால் 240 கன அடி என்று சொல்லிவிடுவார்கள். முக்கோணம் என்பதால் அதில் பாதி, 120 கன அடிதான். வங்கிக்கும் காப்பீட்டுக்கும் இருப்பு எழுதித் தரும்போது இந்தப் பாதி பெரிய தொகை. எடை அறிய, ஓர் அடிக்கு ஓர் அடி, ஓர் அடி உயரத்தில் ஒரு பெட்டி செய்து, அந்தச் சரக்கை நிரப்பி ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். பிறகு பெருக்கல்தான்.

தண்ணீரும் மழையும்

கோடையில் வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் லாரித் தண்ணீர் வாங்குகிறோம். ஒரு கன அடி 28.3 லிட்டர். உங்கள் சம்ப் 10 அடிக்கு 8 அடி என்றால், 6,000 லிட்டர் இறக்கியதும் நீர்மட்டம் சுமார் 2 அடி 8 அங்குலம் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் பணம் கொடுக்குமுன் கேளுங்கள்.

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் மட்டும் விழுந்த நீர் சுமார் 1,09,000 லிட்டர். 6,000 லிட்டர் லாரிக்கு 18 லோடு. இதோடு அடையாற்று வெள்ளமும் சேர்ந்து முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் புகுந்ததை மறக்க முடியாது. அப்படிப்பட்ட வேளையில் முதலில் நனைவது அடிவரிசை மூட்டைகளே.

ஆகவே கட்டை போட்டு அடுக்குங்கள். 12 அடி உயரம் அடுக்கும் குடோனில் அடியில் ஒன்றரை அடி விட்டால் எட்டில் ஒரு பங்கு இடம் குறையும். அந்த இடத்துக்கான வாடகையையும் அடிவரிசைச் சரக்கின் விலையையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். ஐப்பசி பிறக்குமுன் அந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது.