கடல் கடந்த சமையல், காரவள்ளி அடுப்பில்

இலங்கைத் தீவின் உணவு வகைகளை நம் இல்லத்திலேயே சமைத்துப் பார்க்க விரும்பி, அந்நாட்டுச் சமையல் நூலொன்றைப் புரட்டும் இல்லத்தரசியர் முதலில் வியப்பது, ஒரு சிறு தீவில் இத்தனை இனத்தாரின் அடுப்புகளா என்றுதான். சிங்களவர், தமிழர், சோனகர், மலாய்க்காரர், பறங்கியர் ஆகியோரின் பண்டங்கள் அங்கே அடுத்தடுத்த பக்கங்களில் அமர்ந்திருக்கின்றன. இத்தகைய நூல்களுள் புகழ் பெற்றது, 'சிலோன் டெய்லி நியூஸ்' நாளிதழின் பெயரால் ஹில்டா டியூட்ரம் அம்மையார் ஆங்கிலத்தில் தொகுத்து 1929-ஆம் ஆண்டு வெளிவந்ததாகும்.

பண்டங்களின் வழியே வரலாறும் தெரிகிறது. முந்திரிப் பருப்பு, ரவை, முட்டை, பூசணிப் பாகு, பன்னீர் ஆகியவை சேரும் 'லவ் கேக்' போர்த்துக்கீசியர் வழி வந்தது. அவர்களை வென்ற ஒல்லாந்தரோ கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். 1687-இல் புனித யோசேப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கியது அந்நாளில்தான். அதே ஒல்லாந்தர் விட்டுச்சென்ற 'புரூடர்' என்னும் புளித்த மாவு கேக்கு, இன்று அத்தீவின் கிறிஸ்து பிறப்புக் கால மேசைக்கு வந்துவிட்டது! குருக்களைத் துரத்தியவர்களின் பலகாரம் பெருவிழாவுக்கு உரியதாயிற்று. சமையற்கட்டுக்கு நீண்ட நாள் பகை தெரியாது போலும்.

கொல்லிமலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளும் தொடங்கும் காரவள்ளியில் இருப்போருக்கு, இச்சமையலுக்கு வேண்டிய பொருள்களைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மிளகும் பலாவும் வாழையும் மேலே மலையிலேயே விளைகின்றன. பலாப்பிஞ்சு கிடைக்கும் மாதங்களில் தவக்காலமும் வந்துவிடுவதால், புலால் நீக்கும் வெள்ளிக்கிழமைக்குச் சிங்களவரின் 'பொலோஸ்' கறி மிகப் பொருத்தமானது. கைகளில் எண்ணெய் தடவிக்கொண்டு பிஞ்சைத் துண்டுகளாக நறுக்கி, இரண்டாம் தேங்காய்ப் பாலில் வெங்காயம், பூண்டு, பட்டை, மிளகு, கறிவேப்பிலை சேர்த்து, மண்சட்டியில் சிறு தீயில் வேக விடுக. மல்லி, சீரகம், சோம்பு ஆகியவற்றைக் காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை வறுத்துப் பொடித்துச் சேர்ப்பதே இதன் உயிர். பச்சைப் பொடி இட்டால் அது நம் வீட்டுக் குழம்பாகிவிடும். அவர்கள் இடும் கொறுக்காய்க்குப் பதிலாகச் சிறிது புளி போதும். துண்டுகள் கருத்து மெத்தென்று ஆனபின் முதற்பாலை ஊற்றி இறக்குக. இரண்டு மணி நேரமாவது ஆகும். குக்கரில் வைத்தால் வேகுமேயன்றி அந்த நிறம் வாராது.

இனிப்புக்கு மலாய்க்காரரும் சோனகரும் போற்றும் வட்டிலப்பம். நம் கீழக்கரை, காயல்பட்டினத்து இஸ்லாமிய இல்லங்களிலும் இது உண்டு. ஐந்து முட்டை, கால் கிலோ வெல்லம், ஒன்றரைத் தம்ளர் கெட்டித் தேங்காய்ப் பால், ஏலம், சாதிக்காய் ஆகியவற்றைக் கலந்து வடிகட்டி, மூடிய பாத்திரத்தில் ஆவியில் முக்கால் மணி நேரம் வைத்தெடுக்க வேண்டும். தீ மிகுந்தால் துளை விழும். அங்கே கித்துள் பனைவெல்லம் இடுவர். நமக்குக் கருப்பட்டியே அதற்கு நெருங்கிய உறவு.

ஆயினும் ஆங்கிலம் படித்த இல்லங்களுக்கென எழுதப்பட்ட நூலை மட்டும் நம்பினால் ஓர் அடுப்பை மறந்துவிடுவோம். பழைய சேலம், திருச்சி மாவட்டங்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிக் கடல் கடந்தவர்களின் வழிவந்தோர், மலையகத் தேயிலைத் தோட்ட லயங்களில் மூட்டிய அடுப்பு அது. அவர்களுள் மிகப் பெரும்பாலோரை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்கவும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. மனிதரை இவ்வாறு எண்ணிப் பிரித்தது நம் இரு நாடுகளுக்குமே பெருமையன்று. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரம் வந்திறங்கியவர்களிடம் சமையல் நூல் எதுவும் இருந்திராது; கைப்பழக்கம் இருந்தது.

அந்தக் கைப்பழக்கத்தில் மிக எளியது தேங்காய் ரொட்டி. இரண்டு பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு தேங்காய்த் துருவல், உப்பு, சிறிது நீர். பிசைந்து அரை மணி நேரம் மூடி வைத்து, கையால் தடிப்பாகத் தட்டி, எண்ணெயில்லாக் கல்லில் இருபுறமும் புள்ளி விழச் சுட வேண்டும். தொட்டுக்கொள்ள, காய்ந்த மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் உப்போடு அம்மியில் நசுக்கி, எலுமிச்சை பிழிந்த சம்பல். மாசிக் கருவாடு கிடைத்தால் ஒரு துண்டு சேர்க்கலாம். சூடாக இருக்கும்போதே பிய்த்து உண்க, ஆறினால் இறுகிவிடும்.