கிட்டாரைப் பழுது பார்த்தாகிவிட்டது, சரியாகப் பார்த்தார்களா?

காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றால், தோளில் நீளமான கறுப்புப் பை மாட்டிய இளைஞர்கள் போவதைப் பார்க்கலாம். பையில் இருப்பது கிட்டார். கோயிலில் பூசைக்கு வாசிக்க வேண்டும்!

அலெக்ஸாண்டர் ராங்கன் காக்ஸ் என்ற வெள்ளைக்காரக் கலெக்டரின் பெயரைத் தாங்கிய பேட்டை இது. பெங்களூர் கன்டோன்மென்ட் 1809-ல் ஏற்பட்டது. பட்டாளத்தை ஒட்டித் தமிழ்க் குடும்பங்களும் வந்து குடியேறின. மேல்நாட்டு வாத்தியம் இங்கே வீட்டுச் சாமான்போல் பழகிவிட்டது. ஆங்கிலோ-இந்தியர் வீட்டில் கிட்டார் இருக்கும். பக்கத்துத் தமிழர் வீட்டிலும் இருக்கும்.

ஆனால் பல வீடுகளில் அது அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கிறது. “பையனுக்கு வரவில்லை” என்கிறார்கள். விரல் நுனி புண்ணானதும் பையன் விட்டுவிட்டான். அவனுக்கு ஞானம் இல்லையா? முதலில் கிட்டாரைப் பார்க்க வேண்டும். தந்தி விரற்பலகையிலிருந்து அரை அங்குலம் எழும்பி நின்றால் எந்தப் பிள்ளையாலும் அழுத்த முடியாது!

இதைச் சரி செய்வதற்குத்தான் ‘செட்-அப்’ என்று பெயர். கழுத்தின் வளைவு, தந்தியின் உயரம், சுருதி, மெட்டுகளின் சமம் ஆகியவற்றைச் சீராக்கித் தருவார்கள். கூலி கொடுக்கிறோம், வாங்கி வருகிறோம். வேலை நன்றாக நடந்ததா என்று கண்டுகொள்வது எப்படி?

வீணையும் கிட்டாரும்

வீணையில் மெட்டு என்பதைக் கிட்டார்க்காரர்கள் ‘பிரெட்’ என்கிறார்கள். வீணைக்கு 24 மெட்டுகள். தேன்மெழுகில் கரித்தூள் சேர்த்துப் பிசைந்த மெழுகின் மேல் அவை உட்காரும். நாளடைவில் மெழுகு இளகிச் சுருதி விலகும். அப்போது கைதேர்ந்த ஆசாரி ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு மறுபடி பதிப்பார். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். தவறிப்போனால் மெழுகை எடுத்துவிட்டு மீண்டும் கட்டலாம்.

கிட்டாரில் அந்தச் சலுகை கிடையாது. மரத்தில் மெல்லிய வாள்வெட்டுப் போட்டு, அதில் உலோகக் கம்பியை அடித்து இறக்கியிருப்பார்கள். ‘நிக்கல் சில்வர்’ என்று அந்த உலோகத்துக்குப் பெயர். உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். வெள்ளி ஒரு குன்றிமணிகூட இல்லை! இடைவெளி கணக்குப்படி அமைந்தது. 648 மில்லிமீட்டர் நீளத் தந்தி என்றால் முதல் மெட்டு 36.4 மில்லிமீட்டரில்; பன்னிரண்டாவது சரிபாதியில், 324-ல்.

மெட்டின் உயரமே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று முன்பின். அரத்தால் தேய்த்தால் தேய்த்ததுதான், திரும்ப வளராது. சில தடவை தேய்த்தபின் மெட்டுகளையே பிடுங்கிப் புதிதாகப் போட வேண்டும். அது பெரிய செலவு. கழுத்து வளைந்திருப்பதைக் கவனிக்காமல் மெட்டுகளைத் தேய்த்துத் தள்ளுகிறவரிடம் கிட்டாரைக் கொடுத்தால், ஒரே வேலையில் பல வருட ஆயுள் போய்விடும்.

கழுத்து நேரா?

இரும்புத் தந்தி ஆறும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 70 கிலோ விசையுடன் இழுக்கின்றன. வளர்ந்த ஆள் ஒருவர் தொங்குவதற்குச் சமம்! அதைத் தாங்கக் கழுத்துக்குள்ளே ஓர் எஃகுக் கம்பி உண்டு. அமெரிக்காவின் கிப்ஸன் கம்பெனி 1920-களில் கொண்டு வந்த ஏற்பாடு அது. அந்தக் கம்பியைத் திருகி வளைவைக் கூட்டலாம், குறைக்கலாம்.

சோதிப்பது எளிது. தடித்த தந்தியை முதல் மெட்டில் ஒரு விரலாலும், கழுத்து உடலோடு சேரும் இடத்தில் இன்னொரு விரலாலும் அழுத்த வேண்டும். நடுவில், ஏழாவது மெட்டின் மேல், ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்குச் சந்து தெரிந்தால் போதும். சந்தே இல்லை என்றாலும், கார்டு தாராளமாக ஆடினாலும் வேலை முடியவில்லை என்று பொருள்.

அடுத்து, பன்னிரண்டாவது மெட்டின் மேல் தந்தி எவ்வளவு உயரம்? பள்ளிக்கூட ஸ்கேல் போதும். இரும்புத் தந்தி கிட்டாரில் தடித்த தந்திக்கு இரண்டரை மில்லிமீட்டர், மெல்லிய தந்திக்கு இரண்டு மில்லிமீட்டர் சுற்றுவட்டாரத்தில் இருக்கலாம். நைலான் தந்திக்கு இன்னும் ஒரு மில்லிமீட்டருக்கு மேலும் வேண்டும்.

எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. கோயில் பாடகர் குழுவில் ஓங்கி மீட்டுகிறவருக்குத் தந்தி சற்று உயரமாகத்தான் இருக்க வேண்டும். விரலால் மெல்ல மீட்டுகிறவருக்குத் தாழ்வாக இருக்கலாம். வாத்தியத்தை வாங்கியதும் “எப்படி வாசிப்பீர்கள்?” என்று கேட்காத பழுதுக்காரர் பாதி வேலையைத்தான் செய்வார்.

தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் கட்டையையும் பார்க்க வேண்டும். வீணையில் மேரு, கிட்டாரில் ‘நட்’. மூன்றாவது மெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டால் முதல் மெட்டின் மேல் மயிரிழைச் சந்து தெரிய வேண்டும். அங்கே உயரம் அதிகமானால் விரலும் வலிக்கும், சுருதியும் ஏறும். புதிதாகக் கற்கும் பிள்ளைகளை ஓட வைப்பது பெரும்பாலும் இந்த இடம்தான்.

நூற்றிருபது ஸ்வரங்கள்

ஆறு தந்தி, இருபது மெட்டு. ஆக 120 இடங்கள். கடையிலேயே நின்று ஒவ்வொன்றையும் மீட்டிக் கேட்க வேண்டும். சங்கோசம் கூடாது. பத்து நிமிஷ வேலை.

ஓரிடத்தில் மட்டும் ‘ஙீ’ என்று இரைந்தால், அதற்கு அடுத்த மெட்டு தூக்கி நிற்கிறது. மூன்று மெட்டுகளின் மேல் உட்காரும்படி ஒரு சின்ன இரும்புப் பட்டையை வைத்தால், நடு மெட்டு உயர்ந்திருக்கும்போது பட்டை ஏற்றப்பலகைபோல் ஆடும்.

சில பேர் இந்த இரைச்சலைப் போக்கக் குதிரையின் மேல் உள்ள கட்டையை உயர்த்திவிடுகிறார்கள். இரைச்சல் போய்விடும், தந்தி மறுபடி வானத்தில் நிற்கும்! பழுது அப்படியே இருக்கிறது. ஆகவே உயரத்தை அளந்துவிட்டுத்தான் இரைச்சலைக் கேட்க வேண்டும்.

மெட்டுகளைச் சமப்படுத்தினால் அவற்றின் தலை தட்டையாகும். பிறகு ஒவ்வொன்றையும் தனி அரத்தால் உருட்டித் திரட்ட வேண்டும். சோம்பேறி கைகள் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தைத்தான். தட்டையான மேட்டின் மேல் தந்தி உரசினால் என்ன ஆகும் என்பது தமிழர்களுக்குத் தெரிந்ததே. தம்பூராவின் குதிரை அகலமாக இருக்கிறது. அதில் நூலைச் சொருகி ‘ஜீவா’ பிடிக்கிறோம். அந்த ரீங்காரம் தம்பூராவுக்கு உயிர். அதே ரீங்காரம் கிட்டாருக்கு நோய்!

விளக்கின் கீழ் கிட்டாரைச் சாய்த்துப் பிடித்தால் குட்டு வெளிப்படும். ஒவ்வொரு மெட்டின் உச்சியிலும் ஊசிபோல ஒரே ஒளிக்கோடு ஓட வேண்டும். ரிப்பன்போல அகன்று தெரிந்தால் தட்டை. அப்புறம் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துப் பார்க்கலாம். மணலில் இழுப்பதுபோல் கரகரத்தால் மெருகு ஏறவில்லை.

கடைசியாகச் சுருதி. பன்னிரண்டாவது மெட்டுக்கு நேராகத் தந்தியை விரலால் லேசாகத் தொட்டு மீட்டினால் மணிபோல ஒரு நாதம் எழும். அதே இடத்தில் அழுத்தியும் மீட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். தந்தி புதியதாக இருப்பது அவசியம். பழைய தந்தியை வைத்துச் சுருதியைக் குறை சொல்வது நியாயமல்ல.

மார்ச் மாதத்துக் குறை

ஒரு விஷயத்தில் பழுதுக்காரரைத் திட்டக் கூடாது. பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காற்று உலர்ந்துபோகும். விரற்பலகை மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. கழுத்தோரத்தில் கையை ஓட்டினால் மெட்டு முனைகள் முள்போலக் குத்தும். ஆகஸ்டில் வழவழப்பாக இருந்த அதே கிட்டார்தான்! முனைகளை மட்டும் மெல்ல அராவிவிட்டால் சரியாகும்.

அந்த விரற்பலகை பெரும்பாலும் ஈட்டி மரம். கர்நாடகக் காடுகளில் கன்னடத்தார் ‘பீட்டெ’ என்று சொல்லும் மரம். பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதானபின், 1960-களின் கடைசியிலிருந்து அமெரிக்கக் கிட்டார்க் கம்பெனிகள் நம் மலைகளின் மரத்துக்கு மாறின. 2017-ல் இந்த இன மரங்கள் முழுவதற்கும் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு வந்தது. 2019-ல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் விலக்குத் தந்தார்கள். எங்கோ செய்த கிட்டாராக இருந்தாலும், அதன் விரற்பலகை சிக்மகளூர்ப் பக்கத்து மரமாக இருக்கக்கூடும்.

புதிதாகத் திருகிய கழுத்து உடனே அடங்காது. வீட்டுக்குக் கொண்டுவந்து, தந்திகளைச் சுருதியிலேயே வைத்திருந்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி அந்த விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்க்க வேண்டும். சந்து மாறியிருந்தால் பழுதுக்காரரிடமே எடுத்துப் போகலாம். தொழில் தெரிந்தவர் கால் திருகு திருகி, கூலி வாங்காமல் அனுப்பி வைப்பார்.