பழைய காரில் ஏர்கான் குளிரவில்லையா? பாகம் தேடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிற்பகல் 2 மணி. வெளியே கொளுத்தும் வெயில், முன்னால் நீண்ட நெரிசல். அப்பா உங்களுக்குக் கொடுத்த பழைய காரில் ஏர்கானைத் திறந்தால் சூடான காற்றுதான் வருகிறது. ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், "கம்ப்ரஸர் போச்சு. இந்த மாடலுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கிறது கஷ்டம்," என்கிறார் மெக்கானிக்.

காரையே விற்றுவிடலாமா என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்க. மலேசியச் சாலைகளில் 15, 20 ஆண்டுகளான கார்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குப் பாகம் கிடைக்கும். எந்தப் பாகம், எந்த எண் என்று தெரிந்துகொண்டு தேட வேண்டும். அது தெரியாமல் கிளம்பினால்தான் பணம் வீணாகும்.

முதலில், பழுது எங்கே?

ஏர்கான் வேலை செய்யும் விதம் எளிமையானது. கம்ப்ரஸர் கேஸை அழுத்துகிறது. காரின் முன்பக்கம் இருக்கும் கண்டென்சர் அதன் சூட்டை வெளியேற்றித் திரவமாக்குகிறது. அந்தத் திரவம் டிரையர் வழியாக வந்து, எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டி, டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள கூலிங் காயிலில் குளிர்கிறது. அந்தக் குளிரைத்தான் புளோவர் உங்கள் முகத்துக்கு அனுப்புகிறது.

ஆகவே, குளிர் இல்லை என்றால் குற்றவாளி கம்ப்ரஸராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்:

• கார் ஓடும்போது குளிர்கிறது, நெரிசலில் நின்றால் குளிர் போகிறது: முதலில் கண்டென்சர் விசிறியைப் பாருங்கள். கண்டென்சரில் அழுக்கு அடைத்திருக்கவும் வாய்ப்புண்டு.
• காற்று குளிர்ச்சிதான், ஆனால் மெதுவாக வருகிறது: கேபின் ஃபில்டர், புளோவர் அல்லது அழுக்கேறிய கூலிங் காயில்.
• புளோவர் கடைசி வேகத்தில் மட்டும் சுற்றுகிறது: பெரும்பாலும் ரெசிஸ்டர். சின்னப் பாகம், செலவும் குறைவு.
• ஏர்கானைத் திறந்ததும் முன்பக்கம் 'டக்' என்ற சத்தமே இல்லை: ஃபியூஸ், ரிலே, கம்ப்ரஸர் கிளச் அல்லது கேஸ் குறைவு.

"கேஸ் போட்டா சரியாயிடும்" உண்மையா?

கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் குழாய்கள் வழியாகப் பல ஆண்டுகளில் மிகச் சிறிதளவு குறையலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை கேஸ் போட வேண்டியிருந்தால், எங்கோ கசிகிறது என்று அர்த்தம். குழாய் மூட்டுகளில் எண்ணெய்ப் பசை படிந்திருந்தால் அதுவே துப்பு. கசிவை அடைக்காமல் கேஸ் போடுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பது போலத்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1990களின் நடுப்பகுதிக்கு முந்திய கார்கள் பலவற்றில் 'ஆர்-12' கேஸ் இருந்தது. அது ஓசோன் படலத்தைப் பாதிப்பதால், 1987இன் மாண்ட்ரியல் உடன்பாட்டின்கீழ் படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதன்பின் வந்தது 'ஆர்-134ஏ'. இரண்டுக்கும் எண்ணெய் வேறு, கேஸ் ஏற்றும் வாய் வேறு. கலக்கவே கூடாது. உங்கள் காரில் எது இருக்கிறது என்பது பானெட்டுக்குக் கீழே உள்ள ஸ்டிக்கரில் இருக்கும்.

காரின் பெயரைவிடப் பாகத்தின் எண் முக்கியம்

கடையில் போய்க் காரின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே மாடலில் ஆண்டு, இன்ஜின் அளவு, கியர் வகை மாறினால் பாகமும் மாறலாம். கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். முடியாவிட்டால், அதில் உள்ள லேபிளைத் தெளிவாகப் படம் எடுங்கள். தயாரிப்பாளர் பெயரும் பாக எண்ணும் அதில் இருக்கும். வாகனப் பதிவுப் பத்திரத்தில் உள்ள சேசிஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரஸர் என்றால் பெல்ட் ஓடும் சக்கரத்தில் எத்தனை கோடுகள், போல்ட் துளைகள் எங்கே, குழாய் வாய் எந்தப் பக்கம் என்று மூன்றையும் ஒப்பிடுங்கள்.

உங்கள் காருக்கும் சொந்தபந்தம் உண்டு

இது பலருக்குத் தெரியாது. 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவும், 1993இல் வந்த வீராவும் மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டவை. 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலின் மூலம் டைஹாட்சு மீரா. 2005இல் வந்த முதல் மைவி, டொயோட்டா பாஸோ, டைஹாட்சு பூன் கார்களின் உறவுக்காரர்.

அதனால் உங்கள் காரின் பெயரில் இல்லாத பாகம், அதன் சொந்தக்காரர் பெயரில் கடையில் இருக்கலாம். ஆனால் உறவு என்பதற்காக எல்லாம் அப்படியே பொருந்திவிடாது. இங்கேயும் எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

புதுசா, ரீகானா, ஹாஃப் கட்டா?

• புதியது: விலை கூடுதல், உத்தரவாதம் உண்டு. கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவதும், அதே பாகத்தைச் செய்யும் தொழிற்சாலை தன் பெயரில் விற்பதும் பல நேரங்களில் ஒரே தரம்தான். இரண்டாவது மலிவாகக் கிடைக்கலாம்.
• ரீகான்: பழையதைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றித் தருவது. என்னென்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள். பெயின்ட் மட்டும் புதிதாக இருந்தால் போதாது.
• ஹாஃப் கட்: வெளிநாட்டிலிருந்து வெட்டி வரும் பழைய கார்களின் பாகம். விலை குறைவு. கம்ப்ரஸரைக் கையால் சுற்றிப் பாருங்கள். சீராகச் சுற்ற வேண்டும். குழாய் வாய்கள் மூடியிருக்க வேண்டும். திறந்தே கிடந்தால் ஈரமும் தூசும் உள்ளே போயிருக்கும். உள்ளிருக்கும் எண்ணெய் கறுத்திருந்தால் வேண்டாம்.

கூலிங் காயில் விஷயத்தில் மட்டும், முடிந்தால் புதியதே வாங்குங்கள். பல கார்களில் அதை மாற்ற டாஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். பழைய காயில் சில மாதங்களில் மறுபடி கசிந்தால், கூலியை இரண்டு முறை கொடுக்க வேண்டி வரும்.

கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. தேய்ந்து உடைந்த கம்ப்ரஸர், உலோகத் துகள்களைக் குழாய் முழுவதும் அனுப்பியிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் புதியதைப் பொருத்தினால், அதுவும் சீக்கிரமே போய்விடும். குழாய்களைக் கழுவுவது, டிரையரை மாற்றுவது, புது ஓ-ரிங், சரியான எண்ணெய், கேஸ் போடும் முன் வேக்கும் பம்ப் வைத்து ஈரத்தை எடுப்பது ஆகிய ஐந்தும் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். வால்வையும் கண்டென்சரையும் மாற்ற வேண்டுமா என்றும் கேளுங்கள்.

பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் இயந்திரத்தில் பிடிக்கும் கடையாக இருந்தால் நல்லது. ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் புவியைச் சூடாக்குவதில் கரியமிலவாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலிமையானது.

கடைசிக் கேள்வி: செலவு செய்யலாமா?

பாகம், கூலி, கேஸ் எல்லாம் சேர்த்து மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். இரண்டாவது கடையிலும் கேளுங்கள். இன்ஜினும் கியர் பாக்ஸும் நன்றாக இருந்தால், அந்தத் தொகையைப் புதிய காரின் சில மாதத் தவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரங்களில் பழைய காரே ஜெயிக்கும். இன்ஜினும் தடுமாறுகிறது என்றால், ஏர்கானுக்குப் பெரிய தொகை போடும் முன் யோசிங்க.

எந்த முடிவு எடுத்தாலும், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எதற்காகப் பணம் கொடுத்தோம் என்பது அப்போதுதான் தெரியும்.