மாங்காய் ஊறுகாய் போகலாம், மாங்காய் போகக்கூடாது!

ஜப்பானில் படிக்கும் மகனைப் பார்க்கப் பெற்றோர் புறப்படும்போது...

வெதுருகுப்பத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் ஜப்பானில் படிக்கிறான். "எங்களை எப்போதப்பா கூப்பிடப் போகிறாய்?" என்று தாயார் போனில் கேட்கிறார். "அடுத்த வருஷம், அம்மா" என்கிறான் மகன். போன வருஷமும் இதே பதில்தான்!

பாசம் இல்லாமல் அல்ல. பெற்றோர் வந்தால் அவன் அறையைப் பார்ப்பார்கள். அவன் செய்யும் வேலையைப் பார்ப்பார்கள். அதுதான் தயக்கம்.

ஆறு பாய் அறை

ஜப்பானில் அறையை 'இத்தனை பாய்' என்றுதான் கணக்கிடுவார்கள். நம் கோரைப் பாய்க்கு ஒன்றுவிட்ட சகோதரன் போன்றது அவர்களுடைய 'தாத்தாமி'. பாய் பதிக்காத அறைக்கும் அதே அளவுதான். ஆறு பாய் அறை என்றால் ஏறக்குறைய 100 சதுர அடி. படிப்பு, படுக்கை, துணி உலர்த்துவது எல்லாம் அதற்குள்ளேயே. மாணவர் விடுதி என்றால் விருந்தாளி இரவு தங்கப் பெரும்பாலும் அனுமதி இல்லை. அப்பா, அம்மாவுக்கு வேறு இடம் பார்த்தாக வேண்டும்.

மாணவர் விசாவில் இருப்பவர் அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்யலாம். நீண்ட விடுமுறையில் நாளைக்கு 8 மணி நேரம் வரை செய்யலாம். மீறினால் விசாவுக்கே ஆபத்து. என்ன வேலை? இரவெல்லாம் திறந்திருக்கும் கடையில் அலமாரி அடுக்குவது, ஓட்டலில் பாத்திரம் கழுவுவது. ஊரிலோ அவனுக்கு 'ஜப்பான் பிள்ளை' என்று பட்டம்!

பெங்களூரிலும் பம்பாயிலும் ஒரே அறையில் ஆறு பேர் படுத்தெழுந்து சம்பாதித்த தலைமுறை நம்முடையது. அறை சிறியது என்பது அந்தத் தகப்பனாருக்கு அதிர்ச்சி தராது. மகன் சொல்லாமல் மறைத்தான் என்பதுதான் மனதைச் சுடும். டிக்கெட் வாங்குவதற்கு முன்பே போனில் சொல்லிவிட வேண்டிய சங்கதி இது.

இனிஷியல் தகராறு

உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்குக் குறுகிய கால விசா. அதிகபட்சம் 90 நாள். அழைப்புக் கடிதம், இன்ன தேதியில் இன்ன இடம் என்று நாள்வாரியாக எழுதிய பயணத் திட்டம், அங்கே வசிப்பதற்கான சான்று ஆகியவற்றை மகன் அனுப்ப வேண்டும். செலவை மகன் ஏற்பதானால் உத்தரவாதக் கடிதமும் வருமானச் சான்றும் வேண்டும். பகுதி நேர வேலைச் சம்பளம் அதற்கு எங்கே காணும்? ஆகவே தகப்பனாரே தம் பாங்குக் கணக்கைக் காட்டிச் செலவை ஏற்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அரசு ஊழியராக இருந்தால் வெளிநாடு செல்ல இலாகாவின் முன் அனுமதியும் வேண்டும்.

பாஸ்போர்ட்டுக்குத் திருப்பதியிலேயே சேவா கேந்திரம் இருக்கிறது. ஆந்திரத்துக்காரர்களின் ஜப்பான் விசா சென்னையில் உள்ள அந்நாட்டுத் துணைத் தூதரகத்தின் பொறுப்பு.

சிக்கல் வருவது பெயரில்தான். வட ஆற்காட்டுத் தாலுகாக்களையும் சேர்த்து 1911-ல் உருவாகி, 1953-ல் ஆந்திர மாநிலத்துக்குப் போனது சித்தூர் மாவட்டம். தகப்பனாரின் பள்ளிச் சான்றிதழில் தமிழ் வழக்கப்படி ஓர் இனிஷியல் இருக்கும். ரேஷன் கார்டில் தெலுங்கு வழக்கப்படி 'இண்டி பேரு' முன்னால் நிற்கும். மகனின் பாஸ்போர்ட்டில் அது மூன்றாவது விதமாக விரிந்திருக்கும். 'இவர்தான் இவனுக்குத் தகப்பன்' என்று காகிதத்தில் காட்ட வேண்டிய இடத்தில், மூன்று பெயரும் மூன்று ஆளாகிவிடும்! இதைத் திருத்த மாதக்கணக்கில் ஆகலாம். முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

எப்போது போவது?

மகனுக்கு நீண்ட விடுமுறை ஆகஸ்டு, செப்டம்பரில். அது புழுக்கமும் புயலும் சேர்ந்த காலம். ஜூன், ஜூலை தோதாபுரி காய் இறங்கும் நேரம். தோப்பை விட்டு யார் அசைவது? மார்ச் மாதம் தோதானது. காய் அப்போதுதான் பிடித்திருக்கும். அங்கே பட்டமளிப்பு விழாவும் மார்ச்சில்தான். ஆனால் குளிர் முழுவதும் விட்டிருக்காது. கம்பளிச் சட்டை அவசியம்.

பெட்டியில் என்ன வைப்பது என்பதில் தாயாருக்கும் சட்டத்துக்கும் சண்டை வரும். பச்சை மாங்காய், கறிவேப்பிலை எதுவும் அரசாங்கத்தின் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே போகாது. இந்திய மாம்பழத்துக்கு 2006-ல் ஜப்பான் கதவைத் திறந்தது உண்மைதான். அது வெந்நீராவியில் பக்குவம் செய்த சில ரகங்களுக்கு மட்டும். உப்பில் ஊறிய ஊறுகாய்க்குத் தடை இல்லை. கோழி ஊறுகாய் கூடாது. இறைச்சி சேர்ந்த எதுவும் கூடாது. டாக்டர் எழுதித் தந்த மாத்திரை ஒரு மாத அளவுக்கு மேல் போனால் முன் அனுமதி வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதை மறக்கக்கூடாது. மகனுடைய மருத்துவக் காப்பீடு பெற்றோருக்குச் செல்லாது. பயணக் காப்பீடு எடுத்துவிடுவது நல்லது.

சரஸ்வதி கையில் வேறு வாத்தியம்

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழையும் நாடு என்பதால் தாயாருக்கு அந்நியம் பாதி குறைந்துவிடும். சாப்பாடுதான் பாடு. சைவம் என்று தோன்றும் சூப்பிலும் 'தாஷி' என்ற மீன் சாறு கலந்திருக்கும். டோக்கியோவில் இந்தியர் நிறைந்த நிஷி-கசாய் பகுதியில் பருப்பு, புளி எல்லாம் கிடைக்கும். உவேனோ குளத்து நடுவில் பென்ஸைட்டென் சன்னிதி இருக்கிறது. அவள் நம் சரஸ்வதியேதான். ஜப்பானில் பல சிலைகளில் வீணைக்குப் பதிலாக அவள் கையில் 'பிவா' என்ற வாத்தியம்.

ரயிலில் ஒரு வேடிக்கை. சுற்றுலா வருவோருக்கான ரயில் பாஸ் பெற்றோருக்கு உண்டு. அங்கேயே படிக்கும் மகனுக்குக் கிடையாது! 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் 50,000 யென்னாக உயர்ந்தது. ஓரிரண்டு ஊர் பார்ப்பதற்குத் தனி டிக்கெட்டே மலிவு.

சுற்றிப் பார்த்தது போக, தகப்பனார் ஒரு நாள் கேட்பார்: "நீ வேலை பார்க்கிற கடை எங்கேப்பா?"

மறுக்க முடியாது. கடைக்குள் யார் நுழைந்தாலும் "இரஷ்ஷாய்மஸே" என்று குரல் கொடுப்பது அங்கே ஊழியரின் கடமை. 'வாருங்கள்' என்று பொருள். கதவு திறந்து அப்பா உள்ளே வந்தாலும் மகன் அதைத்தான் சொல்ல வேண்டும்.