வாடகையா, சொந்த வீடா? தலைநகரில் தடுமாறும் நடுத்தரக் குடும்பங்கள்

புது தில்லி: மக்களவையில் 2025 பிப்ரவரி 1-ஆம் தேதி பட்ஜெட் தாக்கல் செய்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், தமது உரையின் நடுவே ஒரு குறிப்பிட்ட வகைக் குடும்பங்களைப் பற்றிப் பேசினார். கட்டி முடிக்கப்படாத வீட்டுக்காக வங்கிக்கு மாதத் தவணையும், குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் ஒருசேரச் செலுத்திவரும் நடுத்தரக் குடும்பங்களே அவை. பாதியில் நின்றுபோன கட்டுமானங்களுக்கு உதவ 2019-இல் தொடங்கப்பட்ட 'சுவாமி' நிதியத்தின் மூலம் 50 ஆயிரம் வீடுகள் முடிக்கப்பட்டு சாவிகள் ஒப்படைக்கப்பட்டுள்ளன என்றும், அடுத்ததாக ரூ. 15 ஆயிரம் கோடியில் இரண்டாவது நிதியம் அமைக்கப்படும் என்றும் அவர் அறிவித்தார்.

வாடகையா, சொந்த வீடா என்ற கேள்விக்கு இந்தியக் குடும்பங்கள் காலம் காலமாகச் சொல்லிவரும் விடை ஒன்றுதான்: "வாடகை கொடுப்பது வீண், அதையே தவணையாகக் கட்டினால் வீடு நமதாகும்". ஆனால் வாடகையும் கட்டி, தவணையும் கட்டி, வீடும் கிடைக்காமல் நிற்கும் குடும்பங்களைப் பற்றி நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் பேச நேர்ந்ததிலிருந்து, அந்த விடை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்ற கேள்வி எழுகிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

தில்லியை ஒட்டிய நொய்டா பகுதியில் ரூ. 80 லட்சம் விலையுள்ள, கட்டி முடிக்கப்பட்ட ஓர் அடுக்குமாடி வீட்டைக் கணக்குக்காக எடுத்துக்கொள்ளலாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, ரூ. 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனில் வீட்டு மதிப்பின் 75 சதவீதம் வரைதான் வங்கிகள் கடன் தர முடியும், ரூ. 30 லட்சம் முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு உச்சவரம்பு 80 சதவீதம். எனவே இந்த வீட்டுக்கு ரூ. 60 லட்சம் கடன் என்று கொண்டால், கையிலிருந்து ரூ. 20 லட்சம் போட வேண்டும். முத்திரைத்தாள் கட்டணம், பதிவுக் கட்டணம், இதர செலவுகள் என மேலும் ரூ. 6 லட்சம் ஆகும் எனக் கொண்டால், முதல் நாளிலேயே ரூ. 26 லட்சம் தேவை.

அறுபது லட்சம் ரூபாய்க் கடனுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் ரூ. 52 ஆயிரம். இதில் முதல் மாதம் வட்டிக்குப் போவது மட்டும் ரூ. 42,500, அசலில் கழிவது ஒன்பதாயிரத்துச் சொச்சம்தான். 20 ஆண்டுகளில் வங்கிக்குச் செலுத்தும் மொத்தத் தொகை ஏறத்தாழ ரூ. 1 கோடியே 25 லட்சம். அதே வீட்டை ஆண்டுக்கு அதன் மதிப்பில் 3 சதவீத வாடகைக்கு எடுத்தால், மாதம் ரூ. 20 ஆயிரம்.

வாடகை வீண் செலவு என்றால், வட்டியும் திரும்பி வராத செலவுதான். முதல் ஆண்டில் வட்டியாக ரூ. 5 லட்சம், பராமரிப்புக்கு ரூ. 40 ஆயிரம், கையிலிருந்து போட்ட ரூ. 26 லட்சம் 7 சதவீத வைப்புத்தொகையில் இருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ரூ. 1.82 லட்சம் ஆகியவற்றைக் கூட்டினால், சொந்த வீட்டில் குடியிருப்பதற்கான உண்மையான செலவு ஆண்டுக்கு ரூ. 7 லட்சத்தைத் தாண்டுகிறது. வாடகையோ ரூ. 2.40 லட்சம். இந்த இடைவெளியை ஈடுகட்ட வீட்டின் விலை ஆண்டுக்குச் சுமார் 6 சதவீதம் ஏற வேண்டும். அதற்குக் கீழே ஏறினால் தொடக்க ஆண்டுகளில் வாடகைக்கு இருப்பவருக்கே லாபம்.

எனினும் கணக்கின் மறுபக்கமும் உண்டு. தவணை பெரிதாக மாறாதிருக்க, வாடகை ஏறிக்கொண்டே போகும். ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், இன்றைய 20 ஆயிரம் ரூபாய் வாடகை இருபதாம் ஆண்டில் 50 ஆயிரத்தைத் தாண்டிவிடும். தவணையும் வாடகையும் சமமாகும் அந்த நேரத்தில், வாங்கியவருக்குக் கடன் முடிகிறது. வாடகைக்கு இருப்பவருக்கு ஓய்வுக்காலம் தொடங்குகிறது. மாதந்தோறும் மிச்சமாகும் 32 ஆயிரம் ரூபாயைத் தவறாமல் சேமித்தவருக்கு இது கவலையில்லை. சேமிக்காமல் செலவழித்தவருக்கு முதுமையில் வாடகைச் சுமையே மிஞ்சும். மனத்தின் கட்டுப்பாடு போதாத இடத்தில் தவணைதான் பலரையும் சேமிக்க வைக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

மாறும் வட்டி, மாறிய வரி

தவணை மாறாதிருக்கும் என்பதும் முழு உண்மையல்ல. 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள், ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட்டன. 2020 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தை எட்டியது. 2021-இல் 6.7 சதவீதத்தில் ரூ. 60 லட்சம் கடன் வாங்கியவரின் தவணை சுமார் ரூ. 45,400. வட்டி 9.2 சதவீதமான பின்னர், அதே தவணையில் ஏறத்தாழ 44 ஆயிரம் வட்டிக்கே சரியாகிவிடும், அசல் அசையாது. வங்கிகள் தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டியதால், பலருக்கு இது உடனே தெரியவில்லை. இதையடுத்து, தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்பதைக் கடன்தாரரிடமே கேட்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2025 பிப்ரவரியில் ரெப்போ குறையத் தொடங்கியது. ஆனால் 20 ஆண்டுக் கடனில் இத்தகைய ஏற்ற இறக்கம் மீண்டும் வராது என்று எவரும் உறுதி கூற இயலாது.

வரிச் சலுகை என்னும் வாதமும் வலுவிழந்துள்ளது. பழைய வருமான வரி முறையில், தாமே குடியிருக்கும் வீட்டுக் கடனின் வட்டியில் ஆண்டுக்கு ரூ. 2 லட்சம் வரை கழிவு உண்டு. 2023-24 நிதியாண்டு முதல் இயல்பு முறையாக்கப்பட்ட புதிய வரி முறையில் அந்தக் கழிவு கிடையாது. வாடகைப் படிக்கான விலக்கும் கிடையாது. வரியை மிச்சப்படுத்தவே வீடு வாங்குவது என்ற காலம் பெரும்பாலான சம்பளதாரர்களுக்கு முடிந்துவிட்டது.

கட்டி முடியாத வீடுகள்

முதல் வீடு வாங்குவோரின் பெரும் ஆபத்து வட்டியிலும் இல்லை, வரியிலும் இல்லை. கட்டி முடிக்கப்படாத வீட்டில்தான் அது உள்ளது. நொய்டா, கிரேட்டர் நொய்டா பகுதிகளில் ஆம்ரபாலி குழுமத்திடம் பணம் கட்டிய 42 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் வழக்கில், 2019 ஜூலை 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்நிறுவனத்தின் பதிவை ரத்து செய்து, மத்திய அரசு நிறுவனமான என்பிசிசி கட்டுமானத்தை முடிக்க வேண்டும் என உத்தரவிட்டது. நாடெங்கும் சுமார் 4.12 லட்சம் வீடுகள் சிக்கலில் நிற்கின்றன என்றும், அவற்றில் 2.40 லட்சம் தேசியத் தலைநகர் வட்டாரத்தில் உள்ளன என்றும் அமிதாப் காந்த் தலைமையிலான குழு 2023-இல் அளித்த அறிக்கை கூறியது.

"வீடு தயாராகும் வரை தவணையை நாங்களே கட்டுகிறோம்" என்று கட்டுமான நிறுவனங்கள் விளம்பரம் செய்த திட்டங்களின் கதை இன்னும் வேதனையானது. கடன் வாங்குபவரின் பெயரில் இருந்தது. பணம் கட்டுநருக்குப் போனது. கட்டுநர் கைவிரித்ததும் வங்கி கடன்தாரரின் கதவைத் தட்டியது. இத்தகைய திட்டங்களுக்குக் கடன் வழங்குவதைத் தவிர்க்குமாறு வீட்டுவசதி நிதி நிறுவனங்களை தேசிய வீட்டுவசதி வங்கி 2019 ஜூலையில் அறிவுறுத்தியது. வங்கிகளுக்கும் கட்டுநர்களுக்கும் இடையிலான கூட்டு குறித்து சிபிஐ விசாரிக்க உச்ச நீதிமன்றம் 2025-இல் உத்தரவிட்டது.

நாடாளுமன்றம் இவ்விஷயத்தில் சும்மா இருந்துவிடவில்லை. 2013-இல் மாநிலங்களவையில் அறிமுகமாகி, தேர்வுக் குழுவின் பரிசீலனைக்குச் சென்று, 2016 மார்ச்சில் இரு அவைகளிலும் நிறைவேறிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வாங்குவோர் செலுத்தும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கவேண்டும் என்கிறது. ஒப்பந்தம் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. குறித்த காலத்தில் வீடு கிடைக்காவிட்டால் வட்டியுடன் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2018-இல் திவால் சட்டமும் திருத்தப்பட்டு, வீடு வாங்குவோர் நிதிக் கடனாளர்களாக அங்கீகரிக்கப்பட்டனர். ஆனால் அடுத்த இரண்டே ஆண்டுகளில், குறைந்தது 100 பேர் அல்லது அத்திட்டத்தில் வாங்கியோரில் 10 சதவீதத்தினர் சேர்ந்தால்தான் மனுச் செய்ய முடியும் என்ற நிபந்தனை புகுத்தப்பட்டது. உரிமை கிடைத்தது, தனி ஒருவர் அதைப் பயன்படுத்தும் வழி குறுகியது.

வாடகைதாரருக்கு என்ன பாதுகாப்பு?

அப்படியானால் வாடகையே மேல் என்று முடிவு கட்டிவிடலாமா? அங்கும் நிம்மதி இல்லை என்பதே உண்மை. தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1958-ஆம் ஆண்டினது. மாத வாடகை ரூ. 3,500-க்கு மேற்பட்ட கட்டடங்கள் 1988 திருத்தத்தின் மூலம் அதன் வரம்பிலிருந்து நீக்கப்பட்டன. இதன் விளைவாக, பழைய கடைவீதிகளில் பல ஆண்டுகளுக்கு முன் குடியேறியவர்கள் சொற்ப வாடகையில் பாதுகாப்புடன் தொடர்கின்றனர். மாதம் 20 ஆயிரம் கொடுக்கும் இளம் குடும்பத்துக்கோ அச்சட்டத்தில் இடமே இல்லை. இக்குறையைப் போக்க நாடாளுமன்றம் நிறைவேற்றி, 1995-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்ற புதிய தில்லி வாடகைச் சட்டம், வணிகர்களின் எதிர்ப்பால் நடைமுறைக்கே வரவில்லை.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், 11 மாத ஒப்பந்தமே வழக்கமாகிவிட்டது. பன்னிரண்டாம் மாதம் வாடகை ஏறுமா, வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களா, குழந்தையின் பள்ளியை மாற்ற நேருமா என்ற அச்சம் ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. பலர் கணக்குப் பார்த்தா வீடு வாங்குகிறார்கள்? இந்த அச்சத்திலிருந்து விடுபடவே வாங்குகிறார்கள்.

மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புகளுக்கு முன்வைப்புத் தொகை இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும், தகராறுகளை விசாரிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஆனால் மாநிலங்கள் ஏற்றாலொழிய அது வெறும் மாதிரிதான். உத்தரப் பிரதேசம் 2021-இல் தனிச் சட்டம் இயற்றியது. தமிழகம் அதற்கு முன்பே, 2017-இல் இயற்றிய சட்டத்தை 2019-இல் நடைமுறைப்படுத்தியது.

நகரங்களில் வாடகைக்குக் குடியிருப்போரின் பங்கு 1961-இல் 54 சதவீதமாக இருந்து, 2011-இல் 28 சதவீதமாகக் குறைந்ததை 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை சுட்டிக்காட்டியது. அதே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நகர்ப்புறங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடந்தன. வாடகைக்கு விட்டால் வீடு திரும்பக் கிடைக்காது என்று உரிமையாளர் அஞ்சுகிறார். எப்போது வெளியேற்றப்படுவோமோ என்று குடியிருப்பவர் அஞ்சுகிறார். இரண்டு அச்சத்துக்கும் காரணம், நம்பத்தக்க சட்டமும் விரைவான தீர்ப்பும் இல்லாததே.

முடிவு எப்படி?

ஒரே ஊரில், ஒரே வேலையில் எட்டு, பத்து ஆண்டுகளாவது இருப்போம் என்ற உறுதி, கையில் முன்பணம், அதுபோக ஆறு மாதச் செலவுக்கான சேமிப்பு, தவணை மேலும் உயர்ந்தாலும் தாங்கும் வருமானம் ஆகிய நான்கும் உள்ளவர்கள், கட்டி முடித்துக் குடியேறத்தக்க சான்று பெற்ற, பத்திரப் பதிவு நடக்கக்கூடிய வீட்டை வாங்குவதில் தவறில்லை. பதிவு நடக்குமா என்பதை நொய்டாவில் தனியே கேட்டறிய வேண்டும். நில ஆணையத்துக்குக் கட்டுநர் வைத்த பாக்கியால், குடியேறிப் பல ஆண்டுகள் ஆகியும் பத்திரம் கிடைக்காதோர் அங்கு ஏராளம். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் வாடகைக்கு இருப்பது தோல்வியல்ல. அதுவும் ஒரு சேமிப்பே. வாடகையும் தவணையும் ஒருசேரக் கட்டவேண்டிய நிலையில் மட்டும் கையெழுத்திடாதிருப்பது நலம்.

தலையின்மேல் ஒரு கூரை வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் மீண்டும் வலியுறுத்தியது. அந்தக் கூரை சொந்தமானதாகத்தான் இருக்க வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்லவில்லை. வீடு வாங்குவோருக்காக ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்த நாடாளுமன்றம், தலைநகரின் வாடகைதாரருக்காக 1995-இல் தான் நிறைவேற்றிய சட்டத்துக்கு நேர்ந்த கதியை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். வாடகை வீட்டிலும் அச்சமின்றி வாழ முடியும் என்ற நிலை வந்தால்தான், வீடு வாங்குவது கட்டாயமாக இல்லாமல் தேர்வாக அமையும்.